தெளிதலும் ஐயுறுதலும்: துணைவரைத் தெரிவதன் அறம் குறித்து விவிலியமும் குறளும்

ஒரு பணிக்குத் தலைமை ஏற்பவர் செய்யும் முதல் வினை, அப்பணியைத் தம்மோடு இணைந்து செய்வோரைத் தெரிந்தெடுப்பதாகும். இவ்வினை பெரும்பாலும் அறிவுக்கு உரிய ஒன்றாகவே எண்ணப்படுகிறது. திறன் உடையவரைக் கண்டறிதல், திறன் இல்லாதவரை விலக்குதல் என்பதோடு அது முடிந்துவிடுவதாகக் கருதுகிறோம். ஆனால் தெரிதல் என்பது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பும் ஆகும். ஒருவர் கொள்ளப்படும்போது மற்றொருவர் விடப்படுகிறார். கொள்ளப்பட்டவர்க்கும் விடப்பட்டவர்க்கும் தலைவர் கடன்பட்டிருக்கிறாரா என்னும் வினா அறத்தைச் சார்ந்தது. திறனாய்வால் மட்டும் அதற்கு விடை காண இயலாது.

வள்ளுவர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குத் தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் (510) சான்று. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவனை ஐயுறுவதும் ஒரே தட்டில் வைத்து எண்ணப்படும் இரு குற்றங்கள் அங்கே. முதலாவதைக் குற்றம் என ஒப்புக்கொள்வது எளிது. இரண்டாவதையும் அதற்கு இணையான குற்றமாக வைத்ததில்தான் குறளின் நுட்பம் உள்ளது. அப்படியாயின் ஆராய்தல் எங்கே முடிகிறது, நம்புதல் எங்கே தொடங்குகிறது? இடையில் உள்ள கோட்டை எவர் வரைவது? இவ்வினாவைக் கையில் கொண்டு விவிலியத்தின் தேர்வு நிகழ்ச்சிகள் சிலவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

தலைமைப் பண்பு குறித்து எழுதப்படும் கையேடுகள் விவிலியத்திலிருந்து தகுதிப் பட்டியல்களை உருவி எடுப்பதுண்டு. பட்டியல்கள் அங்கே இருப்பது உண்மையே. எனினும் அந்நூல்தொகுதியில் பட்டியல்களினும் மிகுதியாக இருப்பவை கதைகள்; அக்கதைகளுள் பல, பட்டியல் பொய்த்துப்போன இடங்களைப் பேசுபவை. அவற்றை விடுத்துப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வது, உரையை விடுத்துச் சொற்பொருளை மட்டும் மனனம் செய்வதை ஒக்கும். (விவிலியப் பெயர்களும் நூற்பெயர்களும் இங்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வழக்கை ஒட்டித் தரப்படுகின்றன.)

தோற்றமும் செயலும்

தோற்றத்தை நம்பாதே என்னும் கருத்துக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது, ஈசாயின் மக்களுள் ஒருவனை அரசனாக அபிடேகம் செய்யச் சாமுவேல் சென்ற நிகழ்ச்சியாகும் (1 சாமுவேல் 16). மனிதர் வெளித்தோற்றத்தைக் காண்பர், இறைவன் நெஞ்சத்தைக் காண்பார் என்னும் கருத்து அவ்விடத்தில்தான் வருகிறது. மக்கள் எழுவர் கடந்து செல்கின்றனர். எட்டாமவன் ஆடு மேய்க்கும் இளையவன். இக்கதையில் பலரும் விட்டுவிடும் குறிப்பு ஒன்று உண்டு. உயரத்தால் எவரையும் விஞ்சி நின்ற சவுலைப் பார்த்து இவனைப் போல் எவரும் இல்லை என்று முன்னர் மக்களிடம் கூறியவர் இதே சாமுவேல்தான் (1 சாமுவேல் 10:23, 24). முதல் மகன் எலியாபைக் கண்டதும் அதே கண் மீண்டும் அதே பிழையைச் செய்ய முனைகிறது. தெரிபவர் தம் முந்தைய பிழையிலிருந்து தாமாகக் கற்பதில்லை என்பதைக் கதை சொல்லாமல் சொல்கிறது. தாவீது வந்து நின்றவுடன் அவனும் அழகியவன் என்றே கதையாசிரியர் எழுதுகிறார் (16:12). அழகு தகுதி ஆகாதது போலவே தகுதியின்மையும் ஆகாது போலும்.

ஆயினும் இந்நிகழ்ச்சி நம் வினாவுக்குப் பெரிதும் உதவுவதில்லை. நெஞ்சத்தைக் காணும் ஆற்றல் தலைவர்க்கு இல்லை. செயல்களே ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல் என்று குறள் (505) கூறுவது, நெஞ்சைக் காண இயலாத மனிதர்க்குரிய நெறியாகும். அதனினும் உதவுவது அதற்கு முந்தைய குறள் (504). குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிகுந்ததைக் கொள்ளச் சொல்லும் அக்குறள், குற்றமே இல்லாத மனிதரைத் தேடுவதைக் கைவிடச் சொல்லும் குறளும் ஆகும்.

சோதித்தலின் அறம்

செயலைக் காணும்வரை காத்திருக்க இயலாதபோது தலைவர் சோதனையை உருவாக்குகிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவனை ஆராயவேண்டும் என்னும் குறளுக்கு (501) பரிமேலழகர் வகுக்கும் உரை தமிழ் ஆய்வாளர் அனைவரும் அறிந்ததே. புரோகிதரையும் அறவோரையும் விட்டு அரசனுக்கு எதிராகப் பேசச் செய்தல், படைத்தலைவனைக் கொண்டு பொருளாசை காட்டுதல், உரிமை மகளிரோடு பழகிய முதியவளை விட்டுக் காமம் மூட்டுதல், அரசன் கொல்லப்போகிறான் என்று அஞ்சச் செய்து அவனை முந்திக்கொள்ளத் தூண்டுதல் என நால்வகை உபதைகளை அவர் விரிக்கிறார். கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில் இவை முதல் அதிகரணத்தின் பத்தாம் அத்தியாயத்தில் உள்ளன.

இவ்வுபதைகள் அனைத்துக்கும் பொதுவானது ஒன்றுண்டு: பொய். தன் அருகில் இருப்பவன் மெய்யனா என அறிய விரும்பும் அரசன், பொய்யைக் கொண்டு அதைத் தொடங்குகிறான். கௌடலியரே இதன் கேட்டை உணர்ந்திருந்தார் என்பது வியப்புக்குரியது. அரசன் தன்னையோ தேவியையோ சோதனைக்குரிய பொருளாக்குதல் கூடாது என்றும், கெடாதவனைக் கெடுத்துவிடுவது நீரில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும் என்றும், அவ்வாறு கெட்ட மனத்துக்கு மருந்து கிட்டாமலும் போகலாம் என்றும் அவர் அதே அத்தியாயத்தின் இறுதியில் எச்சரிக்கிறார். உரைகல்லில் தேய்த்தால் பொன் இழப்பது மிகச் சிறிது. உபதையில் தேய்க்கப்படும் மனிதன் இழப்பது அத்துணைச் சிறிதன்று.

தமிழ் விவிலியத்தில் இச்சிக்கல் ஒரு சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது. இறைவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்பது ஆதியாகமம் (22:1). இறைவன் எவரையும் சோதிப்பதில்லை என்பது யாக்கோபின் நிருபம் (1:13). இரண்டிடத்தும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஒரே வினைச்சொல்லை ஆள்கிறது. இது மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு அன்று. ஆதியாகமத்தின் தொன்மையான கிரேக்க மொழிபெயர்ப்பிலும் யாக்கோபின் கிரேக்கத்திலும் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது. வலிமையை வெளிப்படுத்தும் தேர்வும் வீழ்ச்சிக்கு இழுக்கும் தூண்டலும் ஒரே சொல்லுக்குள் வாழ்கின்றன. சோதிப்பவரின் கருத்தே அவ்விரண்டையும் பிரிக்கிறது. அக்கருத்தைச் சோதிக்கப்படுபவர் அறிய வழியில்லை.

கிதியோனின் படைத்தேர்வை (நியாயாதிபதிகள் 7) இதனோடு ஒப்பிடுதல் தகும். முப்பத்தீராயிரம் பேர் கூடியிருந்தனர். அஞ்சுகிறவர் திரும்பிச் செல்லலாம் என அறிவித்ததும் 22,000 பேர் சென்றுவிட்டனர். எஞ்சிய 10,000 பேரை நீர்த்துறைக்கு அழைத்துச் சென்றபோது கையால் அள்ளி நக்கிக் குடித்த 300 பேர் கொள்ளப்பட்டனர். மண்டியிட்டுக் குடித்தோர் அனுப்பப்பட்டனர். அள்ளிக் குடித்தோர் விழிப்புடையோர், அதனால்தான் கொள்ளப்பட்டனர் என்று விளக்குவார் பலர். மூலத்தில் அவ்விளக்கம் இல்லை. வெற்றி தம் கையால் வந்தது என மக்கள் செருக்குறாதபடி படை சிறுக்கவேண்டும் என்பதே அங்குக் கூறப்படும் காரணம் (7:2). மண்டியிட்டுக் குடித்த ஏறத்தாழப் பதினாயிரவர் திறனற்றவர் என்று எவரும் கூறவில்லை. தேர்வில் விடப்படுதல் தகுதியின்மைக்குச் சான்றன்று என்னும் கருத்தை இதனினும் தெளிவாகக் கூறும் கதை அரிது. இங்கே எவருக்கும் பொய் கூறப்படவில்லை, ஆசை காட்டப்படவில்லை. அஞ்சுவோர் வெட்கமின்றி வீடு திரும்பும் உரிமை சட்டமாகவே இருந்தது (உபாகமம் 20:8). விலகிச் செல்லும் வாயிலைத் திறந்துவைத்தபின் எஞ்சுவோரைக் கொள்ளுதல், அவரைச் சிக்கவைத்துப் பார்ப்பதினும் நேரிய வழி.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி உரியாவின் கதையில் உள்ளது (2 சாமுவேல் 11). உரியாவின் மனைவியைக் கூடிய தாவீது, அவள் கருவுற்றதை மறைக்கும் பொருட்டுப் போர்க்களத்திலிருந்து உரியாவை வரவழைத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார்; பரிசு அனுப்புகிறார்; மறுநாள் மதுவூட்டுகிறார். படையினர் கூடாரங்களில் கிடக்கும்போது தான் மட்டும் வீட்டில் இன்புறுவதா என்று உரியா அரண்மனை வாயிலிலேயே படுத்துறங்குகிறான். தாவீதின் நோக்கம் சோதனை அன்று, மறைப்பு. ஆனால் நடந்தது இன்ப உபதையின் வடிவில் நடந்தது. உரியா அதில் முழுமையாகத் தேறினான். தேறியதனாலேயே கொல்லப்பட்டான். அவனுடைய சாவுக்கான ஆணைக் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினார் தாவீது.

தாவீதின் வீரர் பட்டியல் 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் உள்ளது. அப்பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனான உரியா. அதனையடுத்து ஆக முப்பத்தேழு பேர் என்று கணக்கு முடிகிறது. பட்டியலைத் தொகுத்தவர் கருத்தோடு அப்பெயரைக் கடைசியில் வைத்தாரா என்பது இங்குத் தேவையில்லை. தலைவன் தன் துணைவரைத் தெரிந்துகொள்வது பற்றி நூல்கள் மிகுதியாகப் பேசுகின்றன. தெரிந்துகொள்ளப்பட்டவனைத் தலைவனிடமிருந்து காப்பது எவர் என்பதை அப்பெயர் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தெரிபவர் யார்

மோசேக்கு அவருடைய மாமனார் எத்திரோ கூறிய அறிவுரை (யாத்திராகமம் 18) நிருவாகவியல் எழுத்துகளில் பலகாலும் காட்டப்படுவது. திறனுடையோர், இறையச்சம் உடையோர், மெய்யர், கைக்கூலியை வெறுப்போர் என நான்கு தகுதிகள் அங்குள்ளன. ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை அமைக்கச் சொல்கிறார் அவர். இவ்வறிவுரையைக் கூறியவர் மீதியான் நாட்டுப் பூசாரி, அதாவது வெளியார் என்பது நினைக்கத்தக்கது. யாத்திராகமத்தில் தலைவரைத் தெரிந்தவர் மோசே. அதே நிகழ்ச்சியை உபாகமம் (1:13–15) திரும்பக் கூறும்போது, உங்கள் குலங்களில் அறியப்பட்டவரை நீங்களே தாருங்கள் என்று மோசே மக்களிடம் கேட்கிறார். மக்கள் காட்டியவரை அவர் அமர்த்துகிறார். இரு வரலாறுகளுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு சிறியதன்று. தலைவர் ஒருவரின் கண்ணுக்குத் தப்புவது, பல்லாண்டு உடன்வாழ்ந்த பலரின் கண்ணுக்குத் தப்புவதில்லை.

எருசலேமின் தொடக்காலச் சபையில் எழுவர் தெரிவு செய்யப்பட்ட நிகழ்ச்சியும் (அப்போஸ்தலர் நடபடிகள் 6) இவ்வகையினது. நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று கிரேக்கம் பேசும் யூதர் முறையிட்டனர். நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்து தருமாறு அப்போஸ்தலர் சபையாரிடம் கூறினர். தெரியப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்; கடைசியாகக் குறிக்கப்படும் நிக்கொலா யூத மார்க்கத்துக்கு வந்த அந்தியோகியன். பெயரை வைத்து இனத்தை உறுதி செய்வது பாதுகாப்பான முறை அன்று. பன்னிருவருள்ளேயே அந்திரேயா, பிலிப்பு என்னும் கிரேக்கப் பெயர்கள் உண்டு. ஆயினும் எழுவர்க்கும் அவ்வாறே அமைந்தது தற்செயல் எனக் கொள்வது கடினம். குறை கூறியவரின் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்த முறை (அப்போஸ்தலர் நடபடிகள் 1) சற்று வேறு. தொடக்கம் முதல் உடனிருந்தவராதல் வேண்டும் என்னும் தகுதியால் இருவர் முன்னிறுத்தப்பட்டனர். அதன்பின் சீட்டு. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. அங்கும் முதலில் தகுதி: கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையில் வீடு, 35 முதல் 70 வரை அகவை (முந்தைய கல்வெட்டில் 30 முதல் 60 வரை). கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அதன்பின் குடவோலை. அது ஒரு பிரமதேயச் சபையின் ஏற்பாடு என்பதையும், ஊரார் அனைவர்க்கும் உரிய குடியாட்சியாக அதனைப் பாராட்டுவது மிகை என்பதையும் கூறியாகவேண்டும். நமக்கு வேண்டியது அதன் வடிவம் மட்டுமே. அறிவால் செல்லக்கூடிய தொலைவு சென்றபின், விருப்பும் வெறுப்பும் நுழையும் இடத்தில் சீட்டு வந்து நிற்கிறது. சீட்டால் விடப்பட்ட யோசேப்பு பர்சபா, தான் மத்தியாவினும் தாழ்ந்தவன் என்று எண்ணத் தேவையில்லை. விடப்பட்டவர்க்கு அம்முறை செய்த நன்மை அது. அப்போஸ்தலர் நடபடிகளில் அதன்பின் எத்தேர்வுக்கும் சீட்டு இடப்படவில்லை.

அற்றாரைக் கொள்ளுதல்

குறளுக்கும் விவிலியத்துக்கும் நேர்முரண் தோன்றும் இடம் ஒன்று உண்டு. சுற்றப் பற்றுக்கள் அற்றவரை நம்பவேண்டா, அவர் பழிக்கு நாணார் என்பது குறள் (506). சவுலுக்கு அஞ்சி அதுல்லாம் குகையில் ஒளிந்திருந்த தாவீதிடம் வந்து சேர்ந்தவரோ ஒடுக்கப்பட்டோர், கடன்பட்டோர், மனக்கசப்புற்றோர் ஆகிய ஏறத்தாழ நானூறு பேர் (1 சாமுவேல் 22:2). எந்தத் தேர்வுக்குழுவும் கொள்ளாத கூட்டம் அது. தாவீது அவர்களைத் தெரியவில்லை. அவர்கள் வந்தார்கள், அவர் தலைவரானார். பின்னாளைய அரசின் கரு அக்குகையில் உள்ளது.

இதனைக் கொண்டு குறள் பொய்த்தது எனக் கூறிவிடலாகாது. பின்னர் அறுநூறு பேராகப் பெருகிய அக்கூட்டத்தில் பொல்லாதவரும் இருந்தனர் என்று அதே நூல் வெளிப்படையாக எழுதுகிறது. சிக்லாக் ஊர் எரிக்கப்பட்டு மனைவி மக்கள் சிறைகொண்டுபோகப்பட்டபோது தாவீதையே கல்லெறிய எண்ணினர் (1 சாமுவேல் 30:6). பகைவரைத் தொடர்ந்தபோது களைத்துப்போன இருநூறு பேர் பேசோர் ஆற்றங்கரையில் நின்றுவிட்டனர். வென்று மீண்டபின், உடன் வராதவர்க்குக் கொள்ளையில் பங்கு கிடையாது என்றனர் சிலர். போருக்குச் சென்றவர்க்கும் மூட்டைகளைக் காத்து நின்றவர்க்கும் பங்கு சமமே என்று தாவீது விதித்தார். அது இஸ்ரவேலில் நிலைத்த முறையாயிற்று (30:24, 25). பற்று இல்லாதவர்க்குப் பற்றுவைக்கும் ஓர் இடத்தை உண்டாக்குவதும் தலைமையின் பணியாகலாம் என்பதைக் குறள் மறுக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை.

தேறியபின் வேறாவோர்

எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்தபோதும் வினையில் வைக்கும்போது வேறாகிவிடும் மாந்தர் பலர் என்பதும் குறளே (514). தேர்வு முறைகளின் மீது அளவிறந்த நம்பிக்கை வைப்போர்க்கு இது கசப்பான கருத்து. விவிலியத்தில் இதன் பெயர் யூதாஸ்காரியோத்து. இரவு முழுதும் இறைவேண்டலில் கழித்தபின் இயேசு தெரிந்த பன்னிருவருள் அவனும் ஒருவன் (லூக்கா 6:12–16). பணப்பை அவனிடம் இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்பவனாக இருந்தான் என்கிறார் யோவான் (12:6). தொடக்கமுதலே இயேசு அவனை அறிந்திருந்தார் என்பதும் யோவானின் கூற்று (6:64). அறிந்தே தெரிந்தார் எனின் அது பிழைத்தேர்வு அன்று. வேறு ஏதோ ஒன்று. அதனைச் சமயவியலார்க்கு விடுவோம்.

அறநோக்கில் நம் கவனத்துக்கு உரியது கடைசி இரவில் மற்றவர் நடந்துகொண்ட முறை. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு கூறியதும் ஒருவர் மற்றவரைச் சுட்டவில்லை. நானா, நானா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டனர் (மாற்கு 14:19). யூதாசு எழுந்து வெளியே சென்றபோது, பண்டிகைக்கு வேண்டியதை வாங்கவோ ஏழைகளுக்குக் கொடுக்கவோ செல்கிறான் என்று சிலர் எண்ணிக்கொண்டனர் (யோவான் 13:29). அவ்வளவு நாள் உடனிருந்தும் அவர்களுக்கு ஐயம் எழவில்லை. குறள் 510 கூறும் இரண்டாம் குற்றத்தை அவர்கள் செய்யவில்லை. அவர்களுடைய நம்பிக்கை அவர்களை ஏமாற்றியது. அதனால் அது தவறாகிவிட்டதா என்பதற்கு இக்கட்டுரையாளரால் ஆம் என்று விடை கூற இயலவில்லை.

மாற்குவின் மீளல்

நம் வினா முழுக் கூர்மை பெறும் இடம் பவுலுக்கும் பர்னபாவுக்கும் நேர்ந்த பிணக்காகும். இருவரும் மேற்கொண்ட முதற் பயணத்தில் மாற்கு எனப்பட்ட யோவான் உடன் சென்றான். பம்பிலியா நாட்டுப் பெர்கே ஊரில் அவன் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான் (அப்போஸ்தலர் நடபடிகள் 13:13). காரணம் கூறப்படவில்லை. பின்னர் முன்பு சென்ற ஊர்களுக்கெல்லாம் மீண்டும் செல்வோம் என்று பவுல் கூறியபோது, மாற்குவையும் அழைத்துச் செல்லவேண்டும் என்றார் பர்னபா. பணியில் தங்களோடு வராமல் பிரிந்துபோனவனை அழைத்துச் செல்வது தகாது என்றார் பவுல். பிணக்கு கடுமையாகி இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிச் சீப்புரு தீவுக்குச் சென்றார். பவுல் சீலாவைத் தெரிந்துகொண்டு சீரியா, சிலிசியா வழியே சென்றார் (15:36–41). மாற்கு பெர்கேயில் பிரிந்ததைக் கூறும்போது லூக்கா கிரேக்கத்தில் ஆளும் வினைச்சொல் வெறுமனே விலகிச் செல்லுதலைக் குறிப்பது. பவுலின் மறுப்பைக் கூறுமிடத்தில் வரும் சொல்லோ கைவிட்டுப் போதல் என்னும் கடுமை உடையது. நிகழ்ச்சி ஒன்று; அதன் பெயர் இரண்டு. தேர்வுக்குழுக்களில் அமர்ந்தவர் எவரும் இதனை அறிவர்.

பவுலின் பக்கம் நியாயம் இல்லை என்று கூற இயலாது. மாற்கு பிரிந்தபின் லீஸ்திராவில் அவர் கல்லெறியப்பட்டு, இறந்தார் என ஊர்ப்புறத்தே இழுத்துப் போடப்பட்டார் (14:19). மீண்டும் செல்லவிருந்தது அதே ஊர்களுக்கு. இடைவழியில் ஒருவன் திரும்பிவிட்டால் துன்பம் எஞ்சியிருப்போர்க்கு. தலைவர் கடன்பட்டிருப்பது விண்ணப்பிப்பவர்க்கு மட்டுமன்று, உடன்செல்வோர்க்கும் தான். மேலும் மாற்கு பர்னபாவுக்கு உறவினன் (கொலோசெயர் 4:10). அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஒருவனைத் தெளிவது எல்லாப் பேதைமையையும் தரும் என்னும் குறளை (507) பவுல் அறிந்திருந்தால் பர்னபாவின் முகத்துக்கு நேரே கூறியிருப்பார்.

ஆனால் பவுலால் மறக்க இயலாதது ஒன்று இருந்திருக்கவேண்டும். சபையைத் துன்புறுத்தியவராக இருந்த அவர் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீடர் எவரும் அவரை நம்பவில்லை. எல்லாரும் அஞ்சி விலகினர். அவரை அழைத்துச் சென்று அப்போஸ்தலரிடம் நிறுத்திச் சான்று பகர்ந்தவர் பர்னபா (9:26, 27). பின்னர்த் தர்சுவுக்குச் சென்று தேடி அவரை அந்தியோகியாவுக்குக் கொண்டுவந்தவரும் பர்னபாவே (11:25, 26). முன்பு செய்ததை வைத்தே ஒருவனை அளக்கவேண்டும் என்னும் அளவுகோல், எருசலேமில் அன்று பவுலின் மீது வைக்கப்பட்டிருந்தால் பவுல் என்பவர் இல்லை. தாம் நுழைந்த வாயிலை மற்றவர்க்கு அடைக்கிறோம் என்பதை அவர் உணர்ந்தாரா என்பது பற்றி லூக்கா எதுவும் எழுதவில்லை. இருவருள் எவர் சரி என்றும் தீர்ப்புக் கூறவில்லை. சபையார் பவுலை இறையருளுக்கு ஒப்படைத்து அனுப்பினர் என்னும் குறிப்பைக் (15:40) கொண்டு சபை பவுல் பக்கம் நின்றது என்பர் சிலர். அவ்வளவு சுமையை அத்தொடர் தாங்காது.

இவ்விடத்தில் தன் நினைவு ஒன்றைக் கூற இக்கட்டுரையாளர்க்கு இசைவு வேண்டும். தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள சிறு துறைகளில் ஆய்வாளர் ஒருவர் குறைந்தாலும் பணி தடைப்படும். அத்தகைய துறை ஒன்றில், ஆய்வை இடையில் விட்டுச் சென்ற ஒருவர் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து கேட்டார். விட்டுச் சென்றதற்கான காரணத்தை நாங்கள் வினவினோம். அவர் முழுதும் கூறவில்லை. இவர் மீண்டும் போகமாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்றேன் நான். அவ்வினா குழுவினரால் ஏற்கப்பட்டது, அவர் கொள்ளப்படவில்லை. வினா தவறானது என்று இன்றும் எண்ணவில்லை. ஆனால் புதிதாக வந்த எவரிடமும் அவ்வினாவை நாங்கள் கேட்டதில்லை என்பது பின்னரே உறைத்தது. ஒருமுறையும் விலகாதவர் விலகமாட்டார் என்பதற்கு மட்டும் எங்களிடம் என்ன உறுதி இருந்தது?

சுற்றந்தழால் அதிகாரத்தின் இறுதி இரு குறள்கள் (529, 530) பிரிந்து சென்று மீள்பவரைப் பற்றியவை. தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரு அதிகாரங்களிலும் ஆராய்ச்சியின் கடுமையைக் கூறிவிட்டு, அடுத்த அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் இதற்கு வருகிறார் என்பது வைப்புமுறையில் கருதத்தக்கது. பிரிவுக்குக் காரணம் தலைவனிடம் இருந்ததாயின், அது நீங்கியவுடன் உறவு தானே வரும் என்பது முதற்குறள். காரணமின்றித் தானே பிரிந்து, பின் ஒரு காரணம் பற்றி மீண்டவனாயின், அவன் வேண்டுவதை முதலில் செய்து, அதன்பின் ஆராய்ந்து தழுவிக்கொள்க என்பது இரண்டாவது. வரிசையை நோக்குக. செய்தல் முன், ஆராய்தல் பின். புதியவனுக்கு ஆராய்ச்சி முன்னும் தெளிவு பின்னுமாக வைத்தவர், மீண்டவனுக்கு அவ்வொழுங்கை மாற்றுகிறார். ஆராயாமலே கொள்ளச் சொல்லவும் இல்லை. பவுல் ஆராய்ச்சியோடு நின்றார்; பர்னபா தழுவுதலோடு தொடங்கினார். தழுவியபின் பர்னபா ஆராயாமல் இருந்தார் என்பதற்குச் சான்றில்லை. அவர் மாற்குவை இட்டுச் சென்ற சீப்புரு அவருடைய சொந்த ஊர் (4:36). ஏற்கனவே ஒருமுறை மாற்கு நிலைத்து நின்று பணிசெய்த இடம் (13:5). கல்லெறி விழும் லீஸ்திராவுக்கு அவனை அனுப்பவில்லை. இன்னாரால் இன்னது முடியும் என்று ஆராய்ந்து அதனை அவனிடம் விடுதல் (517) என்பதற்கு இது ஒத்து வருகிறது.

பிற்கால நிருபங்களில் மாற்கு மீண்டும் பவுலின் அருகில் காணப்படுகிறான். பிலேமோனுக்கு எழுதிய மடலில் (24) உடன்வேலையாட்களின் வரிசையில் அவன் பெயர் முதலில் உள்ளது. அம்மடல் பவுலுடையதே என்பதில் ஆய்வாளரிடையே பெரிய ஐயம் இல்லை. கொலோசெயர் மடலில் அவன் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்னும் பரிந்துரை உள்ளது. இரண்டாம் தீமோத்தேயு மடல் பவுலின் கையால் ஆனதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவர் எழுதியிருப்பினும், பவுலின் இறுதி நாட்களைப் பற்றி அம்மரபு நினைவில் வைத்திருந்தது இது: தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும் உடனிருக்கிறான், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் பணிக்கு எனக்குப் பயன்படுவான் (4:10, 11). முன்பு மாற்குவை விலக்கிய காரணமும் பயன் தான், இப்போது அவனை அழைக்கும் காரணமும் பயன் தான். பவுலின் அளவுகோல் மாறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வளவுகோலுக்கு மாற்குவைக் கொண்டுவந்து நிறுத்தியவர் எவரோ அவர் பெயர் அத்தொடரில் இல்லை. அடுத்து வருவது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் நூல்களையும் எடுத்துவா என்னும் வேண்டுகோள்.